கார் கீறல்: எது போகும், எது போகாது, யார் பொறுப்பு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், கீழ்த்தள பார்க்கிங்கில், சங்கத்தின் முன்னாள் பொருளாளர் பேசியதன் எழுத்து வடிவம்.)

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிபனைக்கூட முடிக்காமல் இறங்கி வந்திருக்கிறீர்கள், நன்றி. நாற்காலி போதவில்லை என்று நிற்பவர்கள் தயவுசெய்து யாருடைய காரிலும் சாய வேண்டாம். இன்றைய பேச்சே அதைப் பற்றியதுதான்.

"கீறலைப் பற்றி நீங்களே பேசுங்கள் சார்" என்று செயலாளர் சொன்னபோது தயங்கினேன். நான் படித்தது பி.காம். இதோ பக்கத்தில் இருக்கிற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்தான். அதன் பிறகு முப்பத்தாறு வருடம் வங்கியில் கிளார்க். மெக்கானிக்கும் இல்லை, பெயிண்டரும் இல்லை. ஆனால் போன வருடம் என் காரை நானே கெடுத்துக்கொண்டேன். பிறகு நாலு பேரைக் கேட்டு, பட்டறைகளில் நின்று பார்த்து, பாதியைச் சரி செய்தேன். அந்த அனுபவத்தைத்தான் சொல்லப் போகிறேன். கடைசியில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அது நம் எல்லோருடைய கணக்கிலும் பாக்கி நிற்பது. அதுவரை எழுந்து போய்விடாதீர்கள்.

ஒரு ஜெராக்ஸ் தாள் கனம்

கார் பெயிண்ட் என்று நாம் சொல்வது ஒரே பூச்சு அல்ல. இரும்புத் தகட்டின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க முதலில் ஒரு பூச்சு. ஃபேக்டரியில் முழு பாடியையும் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி அதைப் பிடிக்க வைப்பார்கள். அதன் மேல் பிரைமர். அதன் மேல் நிறம், அதாவது பேஸ் கோட். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத, கண்ணாடி போன்ற ஒரு பூச்சு. அதுதான் கிளியர் கோட். காரின் பளபளப்பு அதிலிருந்துதான் வருகிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் கீழே இருக்கிற நிறத்தை வெளுக்க விடாமல் தடுக்கும் சரக்கும் அதில்தான் கலந்திருக்கிறது.

இவ்வளவும் சேர்ந்து எவ்வளவு கனம் என்று நினைக்கிறீர்கள்? புதுக் காரில் சுமார் 100 முதல் 150 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் ஆபீசில் வைத்திருக்கிற 80 ஜி.எஸ்.எம். ஜெராக்ஸ் தாள் ஒன்று ஏறக்குறைய 100 மைக்ரான். அப்படியானால் எல்லாப் பூச்சும் சேர்ந்து ஒரு தாள், மிஞ்சினால் ஒன்றரைத் தாள். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான், அதாவது அரைத் தாள்தான். நம் தலைமுடியே பெரும்பாலும் அதைவிடத் தடிமன்.

இதை நான் எனக்குப் பழகின பாஷையில் இப்படிப் புரிந்துகொண்டேன். கிளியர் கோட் ஒரு டெபாசிட். ஃபேக்டரியில் ஒரே ஒரு தடவை போடுகிறார்கள். அதன் பிறகு எடுக்க மட்டும்தான் முடியும், போட முடியாது. வட்டியும் கிடையாது. ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் அந்தக் கணக்கிலிருந்து கொஞ்சம் எடுக்கிறோம். பாலிஷ் கீறலை நிரப்புவதாகப் பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நிஜத்தில் அது கீறலைச் சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்து, பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்குகிறது. ஆகவே மேலோட்டமான கீறல் போகும். ஆழமான கீறலைப் போக்கப் பார்த்தால் டெபாசிட்டே காலியாகிவிடும்.

அந்தக் காலத்து அம்பாசிடர், ஃபியட் கார்களுக்குப் பெரும்பாலும் இந்தக் கண்ணாடிப் பூச்சு கிடையாது. நிறமே மேல் பூச்சு. பழைய பட்டறைக்காரர்கள் இன்னமும் கார் பெயிண்ட் அடிப்பதை "டூக்கோ அடிப்பது" என்பார்கள். அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனி 1920-களில் கொண்டுவந்த டூக்கோ என்ற பெயிண்டின் பெயர் அது. அந்தக் கார்களில் ரப்பிங் காம்பவுண்ட் போட்டு அழுத்தித் தேய்ப்பார்கள், துணியில் கார் நிறம் ஒட்டிக்கொண்டு வரும், கார் பளபளக்கும். அதைப் பார்த்து வளர்ந்த கை நம் கை. இன்றைய காரில் அதே அழுத்தம் கொடுத்தால் துணியில் நிறம் வராது. போவது தெரியாமலே போய்க்கொண்டிருக்கும்.

தேய்க்கும் முன் மூன்று சோதனை

ஒன்று, தண்ணீர். கீறல் உள்ள இடத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, ஈர விரலால் தடவுங்கள். ஈரம் இருக்கும்வரை கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால் கீறல் கிளியர் கோட்டோடு நிற்கிறது. பள்ளத்தின் ஓரங்களில் வெளிச்சம் சிதறுவதால்தான் கோடு வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் பள்ளத்தை நிரப்பினால் சிதறல் நின்றுவிடும். தேங்காய் எண்ணெய் தடவினால் கீறல் போய்விடும் என்று சொல்கிறார்களே, அந்த ரகசியமும் இதுதான். எண்ணெய் சீக்கிரம் காயாது என்பதால் சில நாள் ஏமாற்றும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பானெட்டை முகர்ந்து பார்ப்பதில் தப்பில்லை.

இரண்டு, நகம். கீறலின் குறுக்கே நகத்தை லேசாக இழுங்கள். தடையில்லாமல் வழுக்கினால் பாலிஷில் போக வாய்ப்பு உண்டு. நகம் மாட்டினால் பாலிஷ் வேலைக்கு ஆகாது, டச்சப் அல்லது பெயிண்டர்தான்.

மூன்று, நிறம். கோட்டின் அடியில் சாம்பலாக பிரைமர் தெரிகிறதா, பளிச்சென்று தகடு தெரிகிறதா என்று பாருங்கள். தகடு தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். நமக்குக் கடல் ரொம்ப தூரம் இல்லை. பிச்சாவரமும் பரங்கிப்பேட்டையும் இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. உப்புக் காற்றும் ஐப்பசி, கார்த்திகை ஈரமும் சேர்ந்தால் தகடு சீக்கிரம் துருப்பிடிக்கும். காரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பெயிண்ட் கோடு எண் இருக்கும். அதைச் சொல்லி டச்சப் பாட்டில் வாங்கி, ஒரு சொட்டு வைத்துவிடுங்கள். அழகாக இருக்காது, ஆனால் துரு நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. பம்பரில் மஞ்சள் கோடு விழுந்துவிட்டது என்று நம்மில் இரண்டு பேர் வருத்தப்பட்டார்கள். போய்ப் பார்த்தேன். பெரும்பகுதி கீறலே இல்லை. அது நம் தூணில் அடித்திருக்கிற மஞ்சள் பெயிண்ட். பம்பர் தூணில் உரசி எடுத்துக்கொண்டு வந்தது. கணக்குப்படி பார்த்தால் அது வரவு, செலவு இல்லை. கொஞ்சம் பாலிஷ் தொட்டு மெதுவாகத் துடைத்ததில் முக்கால்வாசி போய்விட்டது. தின்னர் மட்டும் வேண்டாம். அது மஞ்சளோடு நம் பெயிண்டையும் இளக்கிவிடும்.

நான் செய்த தப்பு

என் கார் அடர்நீலம். அடர்நிறம் வாங்குகிறவர்களுக்குக் கடன் தவணையோடு இன்னொரு தவணையும் உண்டு. ஒவ்வொரு கீறலும் தெரியும். ஒரு நாள் காலை வெயிலில் பானெட்டைப் பார்த்தேன். சூரியன் தெரியும் இடத்தைச் சுற்றி வட்ட வட்டமாக, சிலந்தி வலை போல நூற்றுக்கணக்கான கோடுகள். யாரோ வட்டமாகத் தேய்த்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். அதுவே தப்பு. வீட்டில் எவர்சில்வர் தட்டை பல்பின் கீழ் பிடித்துப் பாருங்கள், அதிலும் பல்பைச் சுற்றி வட்டம் தெரியும். பல்பை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். கீறல்கள் எல்லாத் திசையிலும் இருக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் மின்னுவதால் வட்டம் போல் தோன்றுகிறது.

இது தெரியாமல் நான் என்ன செய்தேன்? டூத்பேஸ்ட் தடவினால் போகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். டூத்பேஸ்டிலும் தேய்க்கும் தூள் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது பல்லுக்காகச் செய்தது, அதன் பொடி எவ்வளவு நைஸ் என்று பெயிண்டுக்கு அளந்து போட்டதில்லை. கொஞ்சம் மங்கியது. மங்கலைப் போக்க ரப்பிங் காம்பவுண்ட் வாங்கினேன். சமையலறையிலிருந்து பச்சை ஸ்க்ரப்பரை எடுத்தேன். வீட்டு அம்மா வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் பானெட்டின் நடுவில் ஒரு தோசை அளவுக்கு வெள்ளையாகப் பூத்துவிட்டது.

பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு வயதான பெயிண்டர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சார், பாதித் தோல் போயிடுச்சு. மெஷின்ல லேசா எடுத்துத் தரேன். மிச்சம் தெரிஞ்சா தெரியட்டும், இதுக்கு மேல தேய்க்காதீங்க" என்றார். அப்படியே செய்தார். இன்றும் சாய்வாகப் பார்த்தால் அந்தத் தோசை தெரியும். மோட்டார் ரூம் பக்கத்தில் நிற்கிறது, கூட்டம் முடிந்ததும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையால் செய்யும் முறை

இனி, செய்ய வேண்டிய விதம். ஒரு மாலையோ காலையோ போதும். மெஷின் தேவையில்லை.

முதலில் காரை நன்றாகக் கழுவி, உலர விடுங்கள். மண் துகள் ஒன்று மிச்சமிருந்தாலும் அதுவே புதுக் கீறல் போடும். வெயிலில் நின்ற சூடு முழுவதும் ஆறியிருக்க வேண்டும். பானெட்டில் உள்ளங்கையை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். சூட்டில் பாலிஷ் உடனே காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

கடையில் இரண்டு வகை கேளுங்கள். ஒன்று கிளியர் கோட்டுக்கு ஏற்றது என்று போட்டிருக்கும் நைஸான காம்பவுண்ட் அல்லது ஸ்க்ராட்ச் ரிமூவர். இன்னொன்று வேக்ஸ். கூடவே மைக்ரோஃபைபர் துணி நாலு. பட்டறையில் பனியன் வேஸ்ட் வைத்திருப்பார்கள், அது கிரீஸ் துடைக்க நல்லது, பெயிண்டுக்கு வேண்டாம். முதல் பரீட்சைக்கு பானெட்டைத் தொடாதீர்கள். கதவுக் கைப்பிடியின் உட்குழியைப் பாருங்கள். மோதிரமும் நகமும் பட்டு அங்கே எப்போதும் மெல்லிய கீறல் இருக்கும். அங்கே தொடங்குங்கள்.

பக்கத்தில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். அதில் பாலிஷ் பட்டால் வெள்ளையாகப் பூத்துக்கொண்டு போகவே போகாது. துணியை நாலாக மடித்து, துவரம் பருப்பு அளவில் மூன்று சொட்டு வையுங்கள். ஒரு நேரத்தில் ஓர் அடிக்கு ஓர் அடி மட்டும். மேலும் கீழுமாக ஒரு சுற்று, பிறகு இடமும் வலமுமாக ஒரு சுற்று, நேர்கோட்டில் தேயுங்கள். சப்பாத்தி மாவு தேய்க்கிற அழுத்தம் வேண்டாம், குழந்தையின் முதுகைத் துவட்டுகிற அழுத்தம் போதும். இருபது முப்பது தடவை தேய்த்ததும் நிறுத்தி, சுத்தமான வேறு துணியால் துடைத்து, செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள்.

குறைந்திருந்தால் இன்னொரு முறை. மூன்று முறைக்குப் பிறகும் குறையவில்லை என்றால் அந்தக் கீறல் உங்கள் கைக்கு அடங்காது. விட்டுவிடுங்கள். எழுபது சதவீதம் போனால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். மீதி முப்பதுக்காகத் தேய்க்கும்போதுதான் டெபாசிட் காலியாகிறது. கடைசியில் வேக்ஸை மெல்லியதாகப் பூசி, மங்கலாகக் காய்ந்ததும் துடைத்துவிடுங்கள். வேக்ஸ் தேய்க்காது, மேலே ஒரு காவல் போல் நிற்கும். சில வாரங்களில் கரைந்துபோகும், திரும்பப் போட வேண்டும்.

எங்கே கை வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கதவின் ஓரம், பானெட்டின் மடிப்புக் கோடு, இந்த இடங்களில் பூச்சு மெல்லியதாக இருக்கும், தேய்த்தால் சீக்கிரம் நிறம் தெரிந்துவிடும். பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் காரில் பாலிஷே கூடாது, அந்த இடம் மட்டும் மினுக்கிக்கொண்டு நிற்கும். பணம் கட்டி செராமிக் கோட்டிங் போட்டவர்கள் முதலில் போட்டவரிடம் கேளுங்கள், காம்பவுண்ட் அந்தக் கோட்டிங்கையும் சேர்த்து எடுத்துவிடும். பழைய கார், அல்லது ஒரு முறை வெளியில் பெயிண்ட் அடித்த கார் என்றால், டிக்கிக் கதவின் உள்பக்கம் வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் வந்தால் மேலே கண்ணாடிப் பூச்சு இல்லை.

சின்னக் கீறலுக்கு இன்சூரன்ஸ் வேண்டாம்

இது என் பழைய தொழிலுக்குப் பக்கத்து விஷயம் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். நாம் க்ளெய்ம் செய்யாத ஒவ்வொரு வருடத்துக்கும் நோ க்ளெய்ம் போனஸ் கிடைக்கிறது. நம் காரின் சேதத்துக்கான பிரீமியம் பகுதியில் முதல் வருடம் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, அதன் பின் 50 வரை தள்ளுபடி. ஒரு தடவை க்ளெய்ம் செய்தால் அடுத்த புதுப்பித்தலில் அது பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

உதாரணத்துக்கு அந்தப் பகுதி பிரீமியம் 8,000 ரூபாய் என்று வையுங்கள். நீங்கள் 50 சதவீதத்தில் இருக்கிறீர்கள், 4,000 மிச்சம். பம்பர் கீறலுக்குப் பட்டறையில் 3,500 ரூபாய் பில். 1,500 சி.சி. வரை உள்ள காருக்கு 1,000 ரூபாய் நம் கையிலிருந்து கட்டாயம் கொடுக்க வேண்டும். ஆகவே கம்பெனி தருவது அதிகபட்சம் 2,500. பிரீமியம் மாறாமல் இருப்பதாக வைத்துக்கொண்டால் நீங்கள் இழப்பது அடுத்த வருடம் 4,000, அதற்கடுத்து 2,400, பிறகு 2,000, பிறகு 1,200, பிறகு 400. கூட்டினால் 10,000. இரண்டாயிரத்து ஐந்நூறு வாங்க பத்தாயிரம். போனஸைப் பாதுகாக்கும் தனிச் சேர்க்கை வாங்கியிருந்தால் கணக்கு வேறு. இல்லையென்றால் பெரிய அடிக்காக அதைச் சேர்த்து வையுங்கள்.

கீறல் எங்கிருந்து வருகிறது

இவ்வளவும் வந்த பிறகு செய்யும் வைத்தியம். வருவது எங்கிருந்து?

நம் ஊரில் தூசிக்குப் பஞ்சமில்லை. தை, மாசியில் சம்பா அறுவடை. சாலையில் நெல் காய்கிறது, வைக்கோல் தூசி பறக்கிறது. மற்ற நாளில் மணல் லாரி, சாலை வேலை. மணலில் இருப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். அது கண்ணாடியையே கீறும், இந்த அரைத் தாள் பூச்சு எம்மாத்திரம்! கார் மேல் மணல் படிந்து கிடப்பதால் கீறல் விழாது. அதன் மேல் துணியை வைத்து இழுக்கும்போதுதான் விழுகிறது. காரைக் கழுவாமல் மேலே கவர் போடுவதும் அப்படித்தான். காற்றில் கவர் அசைய அசைய, அடியில் இருக்கிற மணல் ராத்திரி முழுக்கத் தேய்த்துக்கொண்டிருக்கும்.

காக்கை எச்சத்தைக் காய்ந்தபின் சுரண்டாதீர்கள். ஈரத் துணியை ஐந்து நிமிடம் அதன் மேல் போட்டு ஊறவைத்து எடுங்கள். நம் போர் தண்ணீர் காரில் வெயிலில் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி நிற்கும், கழுவியதும் துடைத்துவிட வேண்டும். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைக்காமல் இருக்க முடியாது. பெயிண்டுக்குப் பதில் முன்கண்ணாடியின் ஓரத்தில் வைக்கலாம். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனித் திருமஞ்சனம், மார்கழி தரிசனக் கூட்டத்தில் தேரோடும் வீதிப் பக்கம் காரைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். அந்த நெரிசலில் பை கொக்கி படாமல் கார் வீட்டுக்குத் திரும்பாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் தினமும் காலையில் காய்ந்த துணியால் துடைப்பது. இங்கேதான் நான் முதலில் சொன்ன விஷயம் வருகிறது.

கணக்கில் நிற்கும் பாக்கி

போன வருடம் இதே இடத்தில் நடந்த கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். கார்களில் கீறல் விழுகிறது, காலையில் வண்டி துடைக்கிற தம்பிதான் காரணம் என்று நாலு பேர் சொன்னோம். நாலு பேரில் நானும் ஒருவன். நான்தான் அப்போது பொருளாளர். மாதம் 500 ரூபாய் பிடித்தால்தான் புத்தி வரும் என்று தீர்மானம் போட்டோம். மூன்று மாதம் பிடித்தோம். 1,500 ரூபாய். ரசீதில் கையெழுத்துப் போட்டது நான்.

பெயிண்டரிடம் போய் வந்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. துணி என்ன துணி என்று பார்க்க ஒரு நாள் விடியற்காலை ஐந்தரைக்கு இறங்கி வந்தேன். அந்தத் தம்பி ஐந்து மணிக்கு சைக்கிளில் வருகிறார். ஏழரைக்குள் 18 கார். கணக்குப் போட்டால் ஒரு காருக்கு எட்டு நிமிடம். கையில் ஒரே ஒரு வாளி. அதில் தண்ணீர் ஐந்தாவது காரிலேயே கலங்கிவிட்டது. "ஏம்ப்பா, தண்ணி மாத்தக் கூடாதா?" என்று கேட்டேன். "ஒரு வாளிக்கு மேல புடிக்கக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கே சார்" என்றார்.

ஒட்டியிருக்கிறது. போன கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது ஒட்டியது. கோடை போய், மழை பெய்து, சம்ப் நிறைந்து வழிந்த பிறகும் யாரும் கிழிக்கவில்லை. அதன் கீழேயும் என் கையெழுத்து இருக்கிறது.

பிறகு துணியை வாங்கிப் பார்த்தேன். அது ஒரு நீலச் சட்டை. நான் வங்கிக்குப் போட்டுக்கொண்டு போன சட்டை. ஓய்வு பெற்றதும் பழைய துணியெல்லாம் மூட்டை கட்டி, "வண்டி துடைக்க வச்சுக்கோப்பா" என்று நான்தான் கொடுத்தேன். முன்பட்டையில் இரண்டு பட்டன் அப்படியே இருந்தன. என் கார் பானெட்டில் என் பட்டன்தான் கீறியிருக்கிறது.

"பட்டன் இருக்கிறதை ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "நீங்க குடுத்த துணி சார், எப்படிச் சொல்றது?" என்றார். பணம் பிடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த காருக்குப் போய்விட்டார். முப்பத்தாறு வருடம் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். கணக்கு உதைத்தால் எழுந்து போகக் கூடாது, வவுச்சரை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அன்றைக்குக் கூட்டத்தில் நான் ஒரு வவுச்சரையும் பார்க்கவில்லை.

அதனால் சங்கத்தின் முன்னால் நாலு கோரிக்கை வைக்கிறேன்.

முதலாவது, பிடித்த 1,500 ரூபாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். என் பங்கை நான் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. பிடித்தது சங்கத்தின் பெயரில், ஆகவே சங்கத்தின் பெயரில், தப்பு நம்முடையது என்று மினிட்ஸில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, அந்த நோட்டீஸைக் கிழிக்க வேண்டும். ஒவ்வொரு காருக்கும் இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு தண்ணீர், இன்னொன்றில் துணியை அலச நல்ல தண்ணீர். முதலில் மக்கால் மேலேயிருந்து ஊற்றி மணலைக் கழுவிவிட்டு, பிறகுதான் துணி. கூரையில் தொடங்கி கீழே வர வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி. பாத்திரம் தேய்க்கும் தூளும் சோப்புக் கட்டியும் கூடாது.

மூன்றாவது, தினமும் துடைப்பதை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு காரும் வாரம் இரண்டு நாள் முறையாகக் கழுவினால் போதும். மற்ற நாளில் கண்ணாடி மட்டும் துடைக்கலாம். அப்போது ஒரு நாளைக்கு ஆறு கார்தான் வரும், ஒரு காருக்கு இருபத்தைந்து நிமிடம் கிடைக்கும். வாரத்தில் ஆறு நாள், ஒரு நாள் அவருக்கு லீவு. வேலை குறைந்தது என்று சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. வேலை குறையவில்லை, சரியாக நடக்கிறது, அவ்வளவுதான்.

நாலாவது, ஒவ்வொரு வீடும் மூன்று மைக்ரோஃபைபர் துணி வாங்கி, கதவு எண் எழுதிக் கொடுக்க வேண்டும். மாதம் ஒரு முறை தனியாகத் துவைத்துக் கொடுங்கள். கம்ஃபர்ட் மாதிரி ஊறவைக்கும் திரவம் போடாதீர்கள், துணி தண்ணீரை உறிஞ்சாது. பழைய சட்டை கொடுக்கிறவர்கள் வேறு எதற்காவது கொடுங்கள். கொடுக்கும் முன் பட்டனை வெட்டிவிடுங்கள்.

இவ்வளவு செய்தாலும் கீறலே விழாது என்று நான் சொல்லவில்லை. கார் ஓடுகிற பொருள். குழந்தைகள் சைக்கிள் ஓட்டுவார்கள், பூனை பானெட்டில் சூடு காயும். விழுந்தால் ஈர விரலால் தடவுங்கள், நகத்தால் பாருங்கள், போகிறதை மட்டும் போக்குங்கள். யாரையாவது குற்றம் சொல்லத் தோன்றினால், அதற்கு முன் அவர் கையில் இருக்கிற துணி யாருடையது என்று பார்த்துவிடுங்கள்.

டீ வந்துவிட்டது. குடித்ததும் மோட்டார் ரூம் பக்கத்துக்கு வாருங்கள். என் காரின் கைப்பிடிக் குழியில் செய்து காட்டுகிறேன். கீறலுக்கு அங்கே குறைவில்லை.